டேப்பின் மறுமுனை

அறை மூன்று அங்குலம் குறைந்திருந்தது.

கிருஷ்ணகுமார் மறுபடியும் அளந்தான். புதன்கிழமை பன்னிரண்டு அடி. கட்டிலுக்காக அளந்து, சுவரிலேயே பென்சிலால் எழுதி வைத்திருந்தான். இன்று பதினொன்றேமுக்கால். சுவரில் வெடிப்பில்லை, பூச்சு உதிரவில்லை. தனியாள் என்பதால் டேப்பின் கொக்கியை மூலையில் வைத்து, மேலே ஒரு செங்கல்லை ஏற்றிவிட்டு எதிர்ச்சுவர் வரை இழுத்திருந்தான். கல் நகர்ந்திருக்கும் என்று நினைத்துப் போய்ப் பார்த்தான். வைத்த இடத்திலேயே இருந்தது.

வெளியே மூன்று நாளாக விடாத மழை. தகரக் கூரையில் அது கொட்டும் இரைச்சலும், காயாத சீமெந்தின் நெடியும், ஜன்னலுக்கு வெளியே தேயிலை மேல் இறங்கிவரும் பனிமூட்டமும் பழகியவைதான். அவற்றுக்கு அடியில் மெல்லியதாக ஒரு பால் வாசனை மட்டும் பழகாததாக இருந்தது. காய்ச்சாத பால். மண்ணில் ஊற்றிய பால். இந்த வீட்டில் இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

மதியம் பிரேமலதா பலாங்கொடை ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். பிள்ளை பிறந்து நாலு நாள்.

"டிக்கட் வெட்டிட்டாங்க, வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க. அண்ணிகூட த்ரீவீல்ல வர்றேன். அஞ்சு மணிக்குள்ள வந்துருவோம்."

"பழைய லயத்து வீட்டுக்கே போயிருவோம் லதா. இங்க இன்னும் ஈரம் காயல."

"லயம் மட்டும் காஞ்சா கெடக்கு? நாலு சட்டி வச்சாலும் ஒழுகுறது நிக்காது. பாப்பாவ புது வீட்டுலதான் படுக்க வைக்கணும்." சற்று நிறுத்திக் கேட்டாள்: "சர்வேயர் மாத்தயா வந்து அளந்தாரா?"

"அளந்தாரு."

பொய்.

தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்தபோது அவள் கேட்டது இது ஒன்றைத்தான்: அளந்து பார்த்துவிட்டுக் கட்டுவோம். பழைய பிளானை எடுத்துக்கொண்டு வர சர்வேயரும் தயாராக இருந்தார். கிருஷ்ணகுமார்தான் வேண்டாம் என்றான். அவன் தோட்டத்துக் கங்காணி, நிரை எண்ணத் தெரியும். தேயிலை நிரைக்கு நிரை நாலடி. மலையில் எல்லாரும் அப்படித்தான் தூரம் சொல்கிறார்கள். அஸ்திவாரம் வெட்ட வந்த மேசன் சதீஸ் சிரித்தான்.

"கங்காணியாருக்கு சர்வேயர் எதுக்கு? கொழுந்து நிறுக்குறப்ப ரெண்டு கிலோ கழிக்கிற கைதானே. அத காணியில கூட்டிக்கிருவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

எண்ணியதில் பிழையில்லை. பதினாறாவது நிரையோடு எல்லை முடிந்தது. அதற்கப்பால் பிறந்ததும் இறந்துபோகும் பிள்ளைகளைப் புதைக்கும் துண்டு நிலம். பெரியவர்களுக்குப் போலக் கல் நடுவதில்லை, ஆளுக்கொரு செடிதான். அங்கே ஆண்கள் மட்டும் போவார்கள், பெற்றவளைக் கூட்டிப்போவதில்லை. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு பகல்கூட உயிரோடிராத மூத்த பிள்ளையை மஞ்சள் துவாயில் சுற்றி அவனே தூக்கிப்போனான். குழியையும் அவனே வெட்டினான். மூன்று சாண் நீளம். மூன்றாம் நாள் பால் ஊற்றி, ஒரு சிவப்புக் குரோட்டன் நட்டான். எங்கே வைத்தீர்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினான்.

இன்னும் எட்டடி இருந்தால் இந்த அறை வரும். இல்லையென்றால் இல்லை. ஒரு காலையில் யாரும் வேலைக்கு இறங்குமுன் குரோட்டனைப் பிடுங்கி ஓடையில் எறிந்துவிட்டு, இரண்டு நிரை கூட்டி எண்ணினான். சர்வேயர் வந்திருந்தால் பிளானில் அந்தத் துண்டைக் காட்டியிருப்பார். பக்கத்தில் பிரேமலதா நின்றிருப்பாள்.

நாலு மணிக்கு மறுபடி அளந்தான். ஒன்பதடி.

கண்ணுக்கு அறை அப்படியேதான் தெரிந்தது. நடந்து பார்த்தான், அதே அடிகள். டேப்பில் மட்டும் குறைந்தது. ஏழு. ஐந்தரை. பால் வாசனை புளிக்கத் தொடங்கியிருந்தது. போனை எடுத்து அவளுக்கு அடித்தான். மழையில் சிக்னல் இல்லை. வந்தவுடன் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும். அவள் காறித் துப்பினாலும் சரி.

கடைசியாக ஒருமுறை இழுத்தான்.

டேப் விறைத்து நின்றது. எண்ணைப் பார்த்தான். இரண்டேகால் அடி.

மூன்று சாண்.

அப்போதுதான் செங்கல் கண்ணில் பட்டது. அவன் காலடியில் கிடந்தது. இந்த முறை அதை மூலையில் வைக்க மறந்திருந்தான்.

வெளியே த்ரீவீல் நின்றது. குடை விரியும் சத்தம். பிரேமலதா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி அறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்னங்க, லைட்டும் போடாம... எதுக்கு அளக்குறீங்க?"

"உள்ள வராத லதா."

"ஏன்?"

அவள் அவன் கையைப் பார்த்தாள். விறைத்து நின்ற டேப்பைப் பார்த்தாள். அது போய் முடியும் இருட்டு மூலையைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் யாருங்க புடிச்சிருக்கிறது?"

அவன் டேப்பைக் கைவிட்டான். அது துள்ளிச் சுருளவில்லை. தரையில் விழுந்தது. பிறகு நகர்ந்தது. மெதுவாக. கொஞ்சம் இழுபட்டு, நின்று, மறுபடி கொஞ்சம். இழுக்கப் பழகாத இரண்டு சின்னக் கைகள் மாறி மாறி இழுப்பதுபோல.

மூலையில், காயாத சீமெந்தின் மேல், நனைந்த மஞ்சள் துவாய் ஒன்று கிடந்தது. அதற்குள் டேப் போய்க்கொண்டிருந்தது.