மரக்காணத்தில் எழுப்பியிருக்கலாம்

சென்னையிலிருந்து புதுச்சேரி வரும் பஸ்ஸில், ஃபரீஹாவின் மூக்குக்கு நேரே ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது.

முன் சீட்டுக்காரனின் வலக்கை. ஜன்னலோரம் சாய்ந்து, பக்கத்துக் காலி சீட்டின் முதுகுக் கம்பி மேல் கையைப் போட்டுக்கொண்டு திருவான்மியூரில் தூங்க ஆரம்பித்தவன், மகாபலிபுரம் தாண்டியும் அசையவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்தக் கை அவள் முக்காட்டைத் தட்டியது. இரண்டு முறை ஒதுங்கினாள். மூன்றாம் முறை பல்லைக் கடித்தாள்.

மரக்காணத்தில் எழுந்தே விட்டாள். 'இது உங்க வீட்டுக் கட்டிலா?' என்று கேட்க வாயைத் திறந்தவள்... அப்படியே நின்றாள்.

வெளியே உப்பளங்களின் மேல் மழை. ஜன்னல் இடுக்கில் தெறித்த ஒரு துளி அவன் புருவத்தில் தங்கியிருந்தது. இமை முடிகள் இவ்வளவு நீளமா... அதுவும் ஒரு ஆம்பளைக்கு. அந்தத் துளி இறங்குமா, நிற்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம்தான் அவன் மேல்கையைக் கவனித்தாள். அதன் பின்பக்கம் முழுக் கனத்தோடு கம்பியில் அழுந்திக் கிடந்தது. ஃபரீஹா பிசியோதெரபிஸ்ட். அந்த இடத்தில் எலும்பை ஒட்டிச் சுற்றி ஓடும் நரம்பு எது, அது நசுங்கினால் என்னவாகும் என்று அவளுக்குத் தெரியும்.

எழுப்பணும்...

எழுப்பினால் கண் விழிப்பான். விழித்துவிட்டால் இப்படிப் பார்க்க முடியாது.

இன்னும் அஞ்சே நிமிஷம், என்று உட்கார்ந்தாள். அரை மணி ஓடி, கனகசெட்டிக்குளமும் தாண்டிவிட்டது.

காலாப்பட்டில் கல்லூரிக் கூட்டம் ஏறிய சத்தத்தில் அவன் விழித்தான். கையை இழுத்தான். பையை எடுக்கப் போனான்... பை நழுவி விழுந்தது. மணிக்கட்டு கீழ்நோக்கித் தொங்கியது. தூக்கிப் பார்த்தான். வரவில்லை. முகம் வெளுத்துப்போயிற்று.

"கை... கை வரல எனக்கு" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

ஃபரீஹா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "பயப்படாதீங்க. நான் பிசியோதெரபிஸ்ட். ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. ஆங்... இப்ப சிரிங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

சிரித்தான். பாவமாய், பயத்தோடு.

"வாய் கோணல, பேச்சு குழறல. பக்கவாதம் மாதிரி தெரியல. முழங்கைய நீட்டி மடக்குங்க... அது வருது பாருங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல, புறங்கையில தொட்டா தெரியுதா?"

"மரத்துப்போயிருக்கு."

"ரேடியல் நரம்புன்னு ஒண்ணு. மேல்கையில பின்னால எலும்பைச் சுத்தி இறங்குது. கம்பியில அழுந்தியிருக்கு. முழங்கைய நீட்டுற தசைக்குக் கிளை மேலயே பிரிஞ்சிடும், அதான் அது தப்பிச்சுது. இன்னைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்க."

"திரும்ப வருமா? மூணு வாரத்துல காரைக்கால்ல பெத்தாங் போட்டி இருக்கு. எங்க டீம்ல எதிராளி குண்டை அடிச்சு விரட்டுறவனே நான்தான்."

அந்த விளையாட்டை அவள் கடற்கரைப் பக்கம் பார்த்திருக்கிறாள். உள்ளங்கை கீழே பார்க்க இரும்புக் குண்டைப் பிடித்து, கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டி எறிவார்கள். மணிக்கட்டைத்தான்.

"வரும்... மூணு வாரத்துலன்னு சொல்ல முடியாது" என்றாள். அவன் கண்களைப் பார்க்க முடியவில்லை.

டாக்டரும் அதையேதான் சொன்னார். நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது, பொறுமை வேண்டும். பயிற்சிக்கு அவன் தேடி வந்தது ஃபரீஹாவின் கிளினிக்கை.

பெயர் அனஸ். நேரு வீதியில் அவன் அத்தாவின் துணிக்கடையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். மணிக்கட்டைத் தாங்கும் ஸ்ப்ளிண்ட்டைப் போட்டுக்கொண்டு, இடக்கையால் துணி கிழிக்கப் பழகினான்.

"நேத்து ஒரு அக்காவுக்கு ரெண்டு மீட்டர் பாவாடைத் துணி. கோணலா கிழிச்சிட்டேன். 'தம்பி, இது பாவாடையா, பாய்மரமா'ன்னு கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"'காத்தடிச்சா ரெண்டும் ஒண்ணுதான்க்கா'ன்னேன். வாங்காமலே போயிட்டாங்க."

அவள் சிரித்தாள். அவன் அவள் சிரிப்பதைப் பார்த்தான். அவள் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்து, "தூக்குங்க" என்றாள். அசைவே இல்லை.

போட்டி வந்தது, போனது. அவன் இடத்தில் பிரூனோ என்கிற நண்பன் ஆடினான். டீம் முதல் சுற்றிலேயே தோற்றது. அனஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஐந்தாம் வாரம் ஒருநாள், பயிற்சி முடிந்து கிளம்பும்போது சொன்னான்:

"அன்னைக்கி பஸ்ல நீங்க இருந்தது என் அதிர்ஷ்டம்ங்க."

ஃபரீஹாவால் அதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல" என்றாள். "மரக்காணத்துலயே பாத்துட்டேன் நான்."

"எதை?"

"கம்பியில கை அழுந்திக் கிடந்ததை. எழுப்பணும்னு தெரியும். எழுப்பல."

ஸ்ப்ளிண்ட்டை மாட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "ஏன்?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தைரியம் வரவில்லை, கூச்சமாயிருந்தது என்று... ஆனால் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்களைப் பாத்துட்டு இருந்தேன். எழுப்பினா பாக்க முடியாதே... அதான்."

வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் ஸ்ப்ளிண்ட்டின் பட்டையை ஒட்டினான். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அவன் நம்பர் அவளிடம் இருந்தது. எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள். 'உன் ஆசைக்கு அவன் கையை விலையாக் கொடுத்தியே... இப்ப என்னன்னு பேசுவே?'

பதினோராம் நாள், மதியம் நல்ல மழை. கிளினிக் வாசலில் சொட்டச் சொட்ட நின்றிருந்தான் அனஸ். கையில் ஸ்ப்ளிண்ட் இல்லை.

"ஏன் கழட்டினீங்க?" கோபமாகத்தான் கேட்டாள்.

அவன் வலக்கையை முன்னால் நீட்டினான். மணிக்கட்டு தொங்கியது. பிறகு மெல்ல... மிக மெல்ல... மேலே எழுந்தது. எழுந்து நின்றது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலு நாளாச்சு. வந்ததும் உங்ககிட்டதான் காட்டணும்னு கிளம்பினேன். பாதி வழியில கோபம் ஞாபகம் வந்து திரும்பிட்டேன். மறுநாளும் அப்படியே. வேற யார்கிட்டயும் காட்டவும் பிடிக்கல."

"கோபம் இப்ப போச்சா?"

"பாதி. ஒரு போட்டி போயிருக்குங்க, சும்மாவா? ஆனா யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அப்படியிருந்தும் சொன்னீங்க. அப்படி உண்மையைச் சொல்ற ஆளை எனக்குப் பிடிச்சிருக்கு." மூச்சு வாங்கினான். "உங்களைப் பிடிச்சிருக்கு, ஃபரீஹா. இதைச் சொல்லத்தான் இன்னைக்கி முழு வழியும் வந்தேன்."

அவள் கன்னம் சூடேறியது. கை தானாக அவன் விரல்களைப் பிடித்துச் சோதித்தது.

"கட்டைவிரலைத் தூக்குங்க."

"அது இன்னும் வரல."

"அது கடைசியாத்தான் வரும். ஒரு மாசம் கூட ஆவலாம்."

"அதுவும் வந்துட்டா, இங்க வர எனக்கு என்னா காரணம் இருக்கும்?"

ஃபரீஹா பிடித்த விரல்களை விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"இங்க எதுக்கு வரணும்... ஞாயித்துக்கிழமை உங்க அத்தா அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. நீங்க வந்தாலும் வரலன்னாலும் எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்குன்னு எங்க அத்தாகிட்ட நான் நேத்தே சொல்லிட்டேன்."