ஜோயல் ஃபென்னுக்கு வந்த கடிதம்

1847, மே 13, வியாழன். காலை 7.20.

கெல்வர் ஆற்றின் வளைவில், ஆடுகளைக் குளிப்பாட்டும் துறையில், ஜோயல் ஃபென் குப்புறக் கிடந்தான். வயது பதினேழு. தார்லி பண்ணையில் வேலைக்கு விடப்பட்டிருந்த கைதி. கோட்டுப் பைகள் இரண்டிலும் கூழாங்கற்கள்.

காவலர் ஜேபஸ் ஆரன் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கிப் பையனைப் புரட்டினார். கோட்டு உயர்ந்த ரகக் கம்பளி, வெள்ளிப் பொத்தான்கள். கைதிக்கு ஏது இப்படி ஒரு கோட்டு? காலில் ஒன்றுமில்லை. இடது காலில் இரண்டு விரல்களைக் காணோம். பழைய வடு.

கரையில் தொப்பி. தொப்பிக்குள் ஒரு கடிதம், உறையோடு.

ஆரனும் ஒரு காலத்தில் கைதிதான். பத்தொன்பது வயதில் ஆடு திருடினார் என்று இங்கிலாந்தின் சஃபோக்கிலிருந்து பூமியின் தென்கோடியில் கிடக்கும் இந்த வான் டீமன் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். தண்டனை முடிந்து காவலர் ஆனார். தீவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பழைய கூட்டாளிகள் அவரை நாய் என்றார்கள். துரைமார்கள் நாயைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்கள்.

காலை 9.00.

மாஜிஸ்திரேட் மேஜர் பெல்லிங் முட்டையை உடைத்துக்கொண்டே கேட்டார்.

“தற்கொலைதானே?”

“பாத்தா அப்படித்தான் இருக்குங்க.”

“அப்ப எழுதி முடி. சர்ச் சுவருக்கு வெளியே ஒரு குழி தோண்டச் சொல்லு.”

“ஜூரி வெச்சு விசாரிக்கணுங்களே. சட்டம்.”

பெல்லிங் நிமிர்ந்து பார்த்தார். ஆடு திருடியவன் சட்டம் சொல்கிறான்.

“திங்கக்கிழமை வெச்சுக்கோ. அரை மணி நேரத்துக்கு மேல ஆகக் கூடாது. சொந்தபந்தம் இருக்கா அவனுக்கு?”

“அதத்தான் தேடணும்.”

கைதிகள் பதிவேட்டில் ஜோயலுக்கு ஒரு பக்கம் இருந்தது. ‘ஃபென், ஜோயல். வயது 13. குற்றம்: ஒரு ஜோடி கையுறை திருடியது. தண்டனை: ஏழு வருடம் நாடு கடத்தல். தாய்: டார்கஸ் ஃபென், சலவைக்காரி, இப்ஸ்விச், இங்கிலாந்து. அடையாளம்: இடது காலில் இரு விரல்கள் இல்லை. இப்ஸ்விச் சிறையில் இழந்தது, 1843 ஜனவரி.’

ஒரு ஜோடி கையுறை. ஆரன் பதிவேட்டை அறைந்து மூடினார்.

பிறகு கடிதத்தைப் பிரித்தார். பள்ளிப் பிள்ளை எழுதியது போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

‘இப்ஸ்விச், 1847 ஜனவரி 4. ஜோயலுக்குப் பக்கத்து வீட்டார் எழுதுவது. உன் அம்மாவை நேற்று அடக்கம் செய்தோம். மழை கண்டு வெகுநாள் ஆனதால் மண் வெடித்துக் கிடந்தது. குழி வெட்டியவனுக்கு வேர்த்து ஊற்றியது. இரவு எட்டு மணிக்குப் பொழுது சாயும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம். இனி உனக்கு இங்கே யாரும் இல்லை. உனக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று கேள்வி. அதை விட்டுப் போகாதே.’

உறையில் இப்ஸ்விச் தபால் முத்திரை, அதே ஜனவரி 4. முகவரியின் கையெழுத்து வேறு. சாய்வான, பழகிய கை. ஆரன் தாளை மடித்து உறையில் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொரு மடிப்பு போட்டால்தான் நுழையும். அந்த இடத்தில் மடித்த தடமே இல்லை.

நாலு மாதம் கடல் கடந்து வந்தது உறை மட்டும்தான். அதற்குள் இந்தத் தாள் ஒரு நாளும் இருந்ததில்லை.

காலை 11.00. தார்லி பண்ணை.

முதலில் கங்காணி கிடியன் கிராப். இங்கிலாந்தின் யார்க்ஷையரில் பிறந்து, கைதியாக வந்து, மற்ற கைதிகளை மேய்ப்பவன்.

“கடுதாசிய யார் படிச்சுக் காட்டினது?”

“நான்தான். நேத்து சாயங்காலம். அவனுக்குப் படிக்க வராது.”

“உறை ஒட்டியிருந்துச்சா?”

“பிரிச்சுத்தான் வந்துச்சு. கைதிக்கு வர்றத வீட்ல பாத்துட்டுத்தான் குடுப்பாங்க.”

“வீட்லன்னா?”

“தொரை பாப்பாரு. இல்லன்னா தொரைசாணி. ரெண்டு பேரும் இல்லன்னா நானே பிரிப்பேன். ஒளிக்கல.”

“கேட்டுட்டு என்ன சொன்னான்?”

“இன்னொரு தரம் படின்னான். படிச்சேன். மூணாவது தரம் கேட்டான். போய் மாட்டுக்குத் தண்ணி காட்டுடான்னு வெரட்டிட்டேன்.” கிராப் காலால் மண்ணைக் கிளறினான். “படிச்சிருக்கலாம்.”

அடுத்து ஆகஸ்டஸ் தார்லி துரை. இங்கிலாந்தின் கென்ட்டில் முப்பது வயது வரை இருந்துவிட்டு இங்கே நிலம் வாங்கியவர்.

“நல்ல கையாள் போயிட்டான். ஆப்பிள் மரத்துல ஒட்டு கட்ட அவன மாதிரி ஆள் கிடையாது.”

“தபால் பையை நீங்க திறந்தீங்களா, துரை?”

“ஞாபகமில்ல. நானோ அவளோ. இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“ஊர்ல அவனுக்கு அம்மா இருந்தது தெரியுமா?”

“எல்லாருக்கும்தான் ஊர்ல யாராவது இருக்காங்க. என் பெண்சாதியே ஊர் ஊர்னு உருகுவா. பொறந்தது பக்கத்துக் காலனி பாரமாட்டாவுல, அங்கேருந்து கப்பலேறி இங்க வந்தா, அவ்வளவுதான். எங்க அப்பா வீட்டு ரோஜாச் செடி எந்தப் பக்கம்னு எனக்கே பாடம் எடுப்பா.”

ஹானர் தார்லி முன்னறையில் கறுப்பு உடையில் இருந்தாள். சுவரில் ஒரு பையனின் படம். மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலில் இறந்த அவளுடைய ஒரே மகன்.

“ஜோயல் போட்டிருந்த கோட்டு...”

“என் பிள்ளையோடது. நான்தான் குடுத்தேன். அவன் இந்த வீட்டுப் பிள்ளை மாதிரி, கான்ஸ்டபிள்.”

“எங்க படுப்பான், துரைசாணி?”

“என்ன?”

“ராத்திரி எங்க படுப்பான்?”

“லாயத்துக்கு மேல. வைக்கோல் இருக்கே, கதகதப்பா இருக்கும்.”

ஆரன் வணங்கிவிட்டு வெளியே வந்தார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தெரியும். வேலை திங்கட்கிழமை வரைக்கும் தேவைப்பட்டது.

தாயும் இல்லை, ஊரும் இல்லை, இங்கேயே கிட என்று பையனை நம்பவைக்க யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். ஏன் இப்போது? நிஜக் கடிதத்தில் அப்படி என்ன இருந்தது? ஆரனுக்கு ஒரு பதில்தான் தோன்றியது.

மே 15, சனி. பிற்பகல் 2.00. ஹோபார்ட் துறைமுகம்.

குமாஸ்தா பயணிகள் பட்டியலைத் தள்ளினார். ஆரன் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். ஏப்ரல் 28-ல் வந்த கப்பல். இருபத்தாறாவது பெயர்.

‘டார்கஸ் ஃபென். சலவைக்காரி. இப்ஸ்விச். ஒரு குடும்பத்தின் வேலைக்காரியாக.’

வருகிறேன் என்று அவள் அனுப்பிய கடிதத்தை முந்திக்கொண்டு அவளே வந்து இறங்கியிருக்கிறாள்.

3.30.

ஒரு விடுதியின் பின்கட்டில் கொடி நிறையப் போர்வைகள் தொங்கின. நடுவே கறுப்புத் துணி கட்டிய ஒரு பெண் முழங்கை வரை நனைந்து நின்றாள்.

“டார்கஸ் ஃபென்?”

“ஆமா. யார் நீங்க?”

“கெல்வர் காவலர். உங்க பையன் ஜோயல் விஷயமா வந்தேன்.”

“அது தெரிஞ்சுதானே கறுப்பு கட்டியிருக்கேன். திரும்ப எதுக்கு வந்து சொல்றீங்க?”

“உங்களுக்கு யார் சொன்னா?”

அவள் இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். “வந்து எறங்கின மறுநாளே பண்ணைக்கு எழுதிக் கேட்டேன். நாலு நாள்ல பதில் வந்துச்சு.”

தனித்தனியாக நின்ற அதே எழுத்துகள். ‘அந்தப் பெயருடைய பையன் கோடையில் காய்ச்சலில் இறந்தான். நல்லபடி அடக்கம் செய்தோம். இங்கே வர வேண்டியதில்லை. தார்லி பண்ணை.’

ஆரன் தாளை இருமுறை படித்தார். பொய் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். அவள் ஏற்கெனவே அழுது முடித்திருக்கிறாள். ஆனால் அவளிடம் பொய் சொன்னவர்கள் போதும்.

“அம்மா, உங்க பையன் காய்ச்சல்ல சாகல. நீங்க செத்துட்டதா அவனுக்கு ஒரு கடுதாசி. அதக் கேட்டு ஆத்துல எறங்கிட்டான்.”

“எப்போ?”

“வியாழக்கிழமை.”

“எந்த வியாழக்கிழமை?”

“முந்தாநேத்து.”

டார்கஸ் கையிலிருந்த போர்வையைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பண்ணை எவ்வளவு தூரம்?”

“முப்பது மைல்.”

“பதினாறாயிரம் மைல் வந்தேன்,” என்றாள். “முப்பது மைல நடந்திருக்க மாட்டேனா? வர வேண்டாம்னு எழுதினா, கேட்டுட்டு நின்னுட்டேனே.”

“யார் மேலயாவது கோபப்படணும்னா உங்க மேல வேண்டாம்மா. கொஞ்சம் பொறுங்க. ஆளக் காட்டறேன்.”

மே 16, ஞாயிறு. பிற்பகல் 1.00.

கோச்சு வண்டி கெல்வருக்குக் குலுங்கிக்கொண்டு போனது. எதிரே டார்கஸ் இருந்தாள். ஆரன் பதிவேட்டிலிருந்து எடுத்து வந்த நகலைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“என்னங்க?”

“நான் ஒரு முட்டாள். இருபத்திரண்டு வருஷத்து முட்டாள்.”

மே 17, திங்கள். காலை 10.00. கெல்வர் சத்திரத்தின் பெரிய கூடம்.

மேசையின் மேல் ஜோயல் துணி மூடிக் கிடந்தான். ஜூரிகள் பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் பழைய கைதிகள். தலைவர் கொல்லர் சைலஸ் ட்ரூ. துரையும் துரைசாணியும் முதல் வரிசையில். கிராப் கதவோரம். விசாரணையை நடத்துவது மேஜர் பெல்லிங்.

ஆரன் உறையையும் தாளையும் சுற்றுக்கு விட்டார். மடிப்பைக் காட்டினார். பண்ணையிலிருந்து டார்கஸுக்குப் போன பதிலையும் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் ஒரே கை. தார்லி பண்ணையில தபால் பையைத் திறக்கறவங்க மூணு பேர். எழுதினது அதுல ஒருத்தர்.”

கூடம் அசைந்தது. தார்லி எழுந்தார். “பெல்லிங், இந்த நாயைக் கட்டிப்போடு.”

“உக்காருங்க துரை,” என்றார் கொல்லர். “மடிப்பப் பாத்தோம். மிச்சத்தையும் கேக்கறோம்.”

ஆரன் கடிதத்தை உரக்கப் படித்தார். வெடித்த மண். வேர்வை. எட்டு மணிக்குச் சாய்ந்த பொழுது.

“சைலஸ், நீங்க எங்க பொறந்தீங்க?”

“ஊர்ல. நார்ஃபோக்.”

“அங்க ஜனவரில குழி வெட்டியிருக்கீங்களா?”

“எங்க அப்பனுக்கு. மண்ணு இரும்பா கெடந்துச்சு. ஒரு பகல் பூரா நெருப்பு போட்டு எளக்கித்தான்...” கொல்லர் ஆரன் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“பொழுது எப்போ சாஞ்சுது?”

“நாலு மணிக்கு,” என்றார் மெதுவாக. “நாலு மணிக்கே இருட்டிடும்.”

ஆரன் பதிவேட்டு நகலை விரித்தார்.

“இந்தத் தீவுல ஜனவரின்னா வெயில். ஊர்ல ஜனவரின்னா பனி. இந்தப் பையனோட ரெண்டு வெரல் பனியில கருகி விழுந்தது இப்ஸ்விச் சிறையில, ஜனவரி மாசம். பதிவேட்டுலயே இருக்கு. ஆனா நானே இந்தக் கடுதாசிய மூணு தடவ படிச்சும் எனக்கு ஒறைக்கல. கிராப் ரெண்டு தடவ படிச்சான், அவனுக்கும் ஒறைக்கல. இங்கேயே கெடந்து எங்களுக்கு மறந்து போச்சு. படிக்கும்போது மறந்து போகலாம். ஆனா ஊர்ல ஜனவரில ஒரு சாவுன்னு மனசுல நெனச்சு எழுத உக்காந்தா, அங்க வாழ்ந்த ஆளுக்குக் கை முதல்ல குளிரும். உறை மேல ஜனவரின்னு முத்திரை இருந்துச்சு. அதுக்கு ஏத்த மாதிரி எழுதணும். எழுதின ஆளுக்குத் தெரிஞ்ச ஜனவரி ஒண்ணே ஒண்ணுதான்.”

அவர் முதல் வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

“துரை கென்ட். கிராப் யார்க்ஷையர். அந்த வீட்ல ஊர் ஊர்னு சொல்லிக்கிட்டே ஊரைக் கண்ணால பாக்காத ஆள் ஒருத்தர்தான். துரைசாணி, நான் தப்புன்னா பைபிள் மேல கை வெச்சு, எழுதலன்னு சொல்லிடுங்க. எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுட்டு வேலைய விட்டுப் போறேன்.”

ஹானர் தார்லி எழுந்தாள். பைபிளின் மேல் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

“அம்மா வந்துட்டா, நாலு வருஷம் முடிச்ச கைதிக்குக் குடுக்கற விடுதலைச் சீட்டு கேட்டு ஹோபார்ட்டுக்குப் போயிடுவான்,” என்றாள். “எனக்கு ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சு. நான் அவனுக்கு அம்மா மாதிரிதான் இருந்தேன்.”

டார்கஸ் மேசையருகே வந்தாள். துணியை விலக்கினாள். பிள்ளையின் விறைத்த கைகளைப் பொறுமையாக ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கோட்டைக் கழற்றினாள். கொண்டுபோய் ஹானரின் மடியில் வைத்தாள்.

“இது உங்க பிள்ளையோடது. அது என் பிள்ளை. வைக்கோல்ல படுக்க வெச்சீங்களே, உங்க பிள்ளைய அங்கதான் படுக்க வெப்பீங்களா?”



ஜூரிகள் வெளியே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார்கள்.

“தற்கொலைன்னு நாங்க சொல்லல,” என்றார் சைலஸ் ட்ரூ. “ஹானர் தார்லி எழுதின பொய்யால செத்தான். அப்படியே எழுதுங்க.”

“சட்டத்துல அப்படி ஒரு தீர்ப்பு கிடையாது,” என்றார் பெல்லிங்.

“கையுறைக்கு ஏழு வருஷம்னு சட்டத்துல இருக்கு. இதுக்கு இல்லையா?”

“மாத்திச் சொல்லுங்க. இல்லன்னா நான் மாத்தி எழுதுவேன்.”

“எழுதுங்க. நாங்க பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட மாட்டோம்.”

பெல்லிங் தானே எழுதிக்கொண்டார்: தற்கொலை. ஹானர் தார்லியின் மேல் வழக்கு இல்லை. அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியேறினாள். கிராப் வண்டிக் கதவைத் திறந்துவிடவில்லை. ஆரன் காவலர் பட்டையைக் கழற்றி மாஜிஸ்திரேட்டின் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிற்பகல் 3.00.

ஜூரிகள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து சர்ச்சுக்கு வந்தார்கள். தற்கொலை செய்துகொண்டவனுக்கு உள்ளே இடமில்லை என்று பாதிரியார் கல்லறைத் தோட்டத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பெரிய பூட்டு. கொல்லர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“ஒடைக்கட்டுமா?”

“வேண்டாம்,” என்றார் ஆரன். “அதையும் நம்ம தலையில கட்டுவாங்க.”

டார்கஸ் சுவரை அண்ணாந்து பார்த்தாள். ஓர் ஆள் உயரம். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

“என்னை முதல்ல ஏத்தி விடுங்க,” என்றாள். “அந்தப் பக்கம் நின்னு நான் வாங்கிக்கறேன்.”