இடது பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டறைக்கு லீவு. ஆனாலும் பிரஸ் மெஷினின் இடது பொத்தான், யாரோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல உள்ளே போயிருந்தது.

மேஸ்திரி சித்தார்த்தன் நகத்தால் நெம்பினான். டக்கென்று எழும்பிக்கொண்டது. எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். வெளியே திண்டிவனத்தையே மூடிக்கொண்டு மழை கறுத்துக் கிடந்தது. தகரக் கூரைக்குக் கீழே இரும்பு வாடையும், கழுவிவிட்ட தரையின் பினாயில் வாடையும், அதற்கும் அடியில் கழுவியும் போகாத இன்னொரு வாடையும் அவனையே சுற்றிச் சுற்றி வந்தன.

எவர்சில்வர் தகட்டைத் தட்டாக அடிக்கிற மெஷின் அது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் மேலச்சு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் அச்சுக்கடியில் மாட்டாது. ஆனால் அப்படி அடித்தால் வேலை எங்கே நகரும்? இடது பொத்தானை அழுத்தி, ஓரத்தில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிவிட்டால் தீர்ந்தது. இடது கை தகடு வைக்கும், வலது கை அழுத்தும். ஆளாளுக்கு இதைக் கற்றுக்கொடுத்த மகராசன் சித்தார்த்தன்தான். இந்த மெஷினை ஓட்டிய பவுலினுக்கும் அவனே கற்றுக்கொடுத்தான். போன வாரம் அவளுடைய இடது கை மணிக்கட்டோடு போயிற்று. அவள் அலறி ஓயும் முன்னே குச்சியைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசியவனும் அவனேதான்.

"நாளைக்கு விழுப்புரத்துலேர்ந்து விசாரிக்க ஆபீசர் வர்றாரு" என்று காலையில் முதலாளி அரங்கநாதன் போனில் சொல்லியிருந்தார். "அந்தப் பொண்ணுதான் குச்சி கிச்சி செருகிக்கினு ஓட்டிச்சின்னு சொல்லிடலாம். ஆனா அவரு முன்னால மெஷினு ஒத்தக் கையில ஓடக்கூடாது. ஓடுச்சி, நீதான் உள்ள போவ, ஆமா."

அதைச் சரிபார்க்கத்தான் வந்திருந்தான். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது பொத்தானை மட்டும் அழுத்தினான்.

தடால்! அச்சு இறங்கியது.

இடது பொத்தான் மறுபடியும் உள்ளே. குச்சி இல்லை, குப்பை இல்லை. நெம்பி எடுத்துத் துடைத்தான். திரும்ப அழுத்தினான். தடால்! ஜெயில் கதவு சாத்துகிற சத்தமாகவே அது அவன் காதில் விழுந்தது. மெயினை அணைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று திரும்பும்போது போன் அடித்தது. பவுலினின் புருஷன் மரியஅந்தோணி. கையெல்லாம் பிசுக்காக இருந்ததால் போனை மெஷின் மேலேயே வைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"மேஸ்திரிண்ணே, ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேன். இவ ஒரே பேஜாரு பண்றா. இல்லாத கை வலிக்குதுங்கிறா."

"அதெல்லாம்... கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்பா."

"வெறும் வலி இல்லண்ணே. அந்தக் கை எதையோ அழுத்திக்கினே இருக்குதாம். உருண்டையா, சில்லுன்னு."

இடது பொத்தான் உள்ளே இருந்தது.

"விடச் சொல்லு" என்றான் சித்தார்த்தன். "அவகிட்ட சொல்லுய்யா, விடச் சொல்லு!"

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. டக். பொத்தான் எழும்பியது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

"விட்டுடுச்சாம்ணே. இப்ப வேற எதையோ புடிச்சிக்கினு இருக்குதாம். சூடா இருக்குதாம். நாடி துடிக்குதாம்."

இடது மணிக்கட்டில் சில்லென்றது. நாலு விரல். அப்புறம் கட்டைவிரல்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இழுத்தது. அவசரமே இல்லாமல், தகடு வைக்கிற இடத்துக்கு. அவன் காலை ஊன்றிப் பார்த்தான். செருப்பு தரையில் வழுக்கியது.

டக். இடது பொத்தான் உள்ளே போனது. அதன் ஓரத்தில் வேப்பங்குச்சி. சாக்கடைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே? இன்னாண்ணே, பேச்சையே காணோம்?"

இடது கை அச்சுக்கடியில் போய் நின்றது. அது அங்கே வந்துவிட்டால் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்று அவன் வலது கைக்குத் தெரியும். வருஷக்கணக்காகப் பழகிய கை. வேண்டாம் வேண்டாம் என்று அவன் கத்திக்கொண்டேயிருக்க, அது மெல்ல ஊர்ந்து, வலது பொத்தான்மேல் உட்கார்ந்து, அழுத்தத் தொடங்கியது.