கலாட்டா இல்லாத முகாம்

வெள்ளத்தில் ஊரிழந்தவர்கள் தங்கியிருந்த பழைய சர்க்கரை ஆலையில் மதியச் சோற்றுக்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை. தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தன. கூரையோரத்துப் பனித்தூவிகள் மட்டும் மெல்லச் சீறிக்கொண்டிருந்தன.

இசையமுதுக்குத் திக்கென்றது. அந்தப் பனி அவள் கண்டுபிடித்தது. சாப்பாட்டு வேளையில் தூவிகள் ஓடாது என்று நம்பி, முகமூடிகூடக் கொண்டுவராமல் படகில் வந்து இறங்கியிருந்தாள்.

பசித்த பழ ஈ ஓரிடத்தில் நிற்காது. அதன் உடலில் சுரக்கும் ஒரு நரம்புப் பெப்டைடு இரை தேடச் சொல்லி அதை விரட்டிக்கொண்டே இருக்கும். அதை முடக்கிவிட்டால் பசி இருக்கும், அலைச்சல் இருக்காது. சக்தி மிச்சமாவதால் அந்த ஈ பட்டினியிலும் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். மூச்சில் கலந்து மனிதரிடமும் அதையே செய்யும் மருந்துதான் அந்தப் பனி. சோற்று வரிசை நெரிசலில் ஒரு சிறுமி மிதிபட்டுச் செத்த பிறகு, முகாமை நடத்தும் அமைப்பு இசையமுதைத் தேடி வந்தது. இரண்டு வேளைச் சோற்றுக்கு நடுவே மட்டும்தான் என்று கண்டித்துச் சொல்லித்தான் பனியைக் கொடுத்தாள்.

தூணருகே பூரணி என்ற பெண் மடியில் குழந்தையோடு சாய்ந்திருந்தாள்.

“சாப்பிட்டீங்களாம்மா?”

“முந்தாநாள் கஞ்சி ஊத்துனாங்க.”

“பசிக்கலையா?”

“பசிக்காம என்ன?” பூரணி சிரித்தாள். “எந்திரிச்சுப் போய்க் கேக்கணும்னுதான் தோண மாட்டேங்குது.”

குழந்தையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அது அழவும் இல்லை.

இசையமுது கூடத்தைச் சுற்றி வந்தாள். எங்கும் அதே பதில், அதே சிரிப்பு. கடைசியில் முகாம் அதிகாரி ஞானசிகாமணியின் அறைக்குள் நுழைந்தாள்.

“அரிசிப் படகு எங்க சார்?”

“மேலிடத்துல கேட்டேம்மா. ‘அங்க ஏதாவது கலாட்டாவா?’ன்னாங்க. இல்லைன்னேன். அப்ப கலாட்டா நடக்கிற முகாமுக்கு முதல்ல அனுப்புறோம்னுட்டாங்க.”

“மறுபடி கேட்டீங்களா?”

“கேக்கணும்.”

போன் அவர் கையருகில்தான் இருந்தது. பக்கத்தில் அவருடைய சாப்பாட்டுப் பொட்டலம், பிரிக்காமலே ஊசிப்போய் வாடை வீசியது. புழுக்கம் தாங்காமல் என்றோ கழற்றிய முகமூடி ஆணியில் தொங்கியது.

“ஐயோ சார், உடனே தூவியை நிறுத்துங்க!”

“நிறுத்திடலாம்.” அவர் மனப்பூர்வமாகத் தலையாட்டினார். “சுவிட்ச் அந்தா, அந்தச் சுவத்துலதான். முதல்ல உட்காருங்க.”

வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்து உட்கார்ந்தாள்.

சிவப்பு சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்றே அப்பால் இருந்தது. காலில் வலியில்லை, மரப்பும் இல்லை. வயிறு காந்தியது. தனக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எழுந்திருக்க வேண்டிய காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். எல்லாமே சரியான காரணங்கள்.

போன் அடித்தது.

“மேலிடமாத்தான் இருக்கும்” என்றார் ஞானசிகாமணி.

அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.