முடக்கில் கண் மூடும் வண்டி

மதுஷா வகுப்பறையைக் கூட்டி முடித்து வெளியே வந்து பார்த்தாள். கொடிக்கம்பத்தைக் காணவில்லை. கேட்டைக் காணவில்லை. எதிரே இருக்க வேண்டிய தேயிலை மலையையும் காணவில்லை. எல்லாவற்றையும் பனி விழுங்கியிருந்தது. மணி நான்குகூட ஆகியிருக்காது.

கேட் இருக்க வேண்டிய இடத்தில் ரமேஸ் நின்றான். அவளோடு ஆறாம் தரத்தில் படிப்பவன். அவன் வீடு பாடசாலைக்குப் பக்கத்து லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றாக இருந்தது. மதுஷாவின் லயம் மலையின் அடியில், வெகு கீழே.

"நீ தனியாவா போற?" என்று கேட்டான்.

"கூட வர்ற நிரஞ்சலாவுக்குக் காய்ச்சல். தனியாத்தான் போகணும்."

"பனி விழுந்திருச்சே. அந்த லொறி வருமே."

"எந்த லொறி?"

ரமேஸ் குரலைத் தாழ்த்தினான். "ரொம்ப காலத்துக்கு முந்தி அஞ்சாம் முடக்குல ஒரு தேயிலை லொறி உருண்டு விழுந்துச்சாம். பனி விழுந்தா அது இன்னமும் இறங்கி வருமாம். வண்டி தெரியாது. ரெண்டு கண்ணு மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணு மூடிக்கிட்டா, அது நம்மளப் பார்த்துருச்சின்னு அர்த்தம்."

"நீ பார்த்திருக்கியா?"

"பார்த்திருந்தா இங்க நின்னு சொல்லிக்கிட்டு இருப்பேனா?"

அது நியாயமாகத்தான் பட்டது. மதுஷா குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பாடசாலையிலிருந்து கீழே போக இரண்டு வழிகள். ஒன்று ரோடு. அது ஐந்து முடக்குகளாக இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி இறங்கும். இன்னொன்று குறுக்குப் படி. அது தேயிலைச் செடிகளுக்கு நடுவே நேராக இறங்கும். ஒவ்வொரு முடக்குக்குக் கீழேயும் ரோட்டைக் கடந்து மறுபடி படியில் இறங்க வேண்டும். மதுஷா எப்போதும் படியில்தான் போவாள்.

வழக்கமாக அந்த நேரத்தில் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வரும் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்கும். இன்று எதுவும் கேட்கவில்லை. சொட்டுச் சொட்டாக இலைகளிலிருந்து தண்ணீர் விழுந்தது. அவளுடைய சப்பாத்துச் சத்தமே பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது. நின்றாள். அதுவும் நின்றது.

முதலாம் முடக்குக்குக் கீழே ரோட்டில் கால் வைத்தபோது, மேலே பார்த்தாள்.

வெள்ளைப் பனிக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் வந்துகொண்டிருந்தன.

மெதுவாக வந்தன. முடக்கை நெருங்கின. திரும்பத் தொடங்கின. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன.

மதுஷாவின் கால்கள் ரோட்டோடு ஒட்டிக்கொண்டன. பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கிளிங், கிளிங், கிளிங். யாரோ கால் சலங்கை கட்டிக்கொண்டு நடந்து வருவது போல. சட்டென்று கண்கள் மறுபடி திறந்தன. மஞ்சள் வெளிச்சம் அவளுடைய வெள்ளைச் சீருடைமேல் விழுந்தது.

அவள் ஒரே ஓட்டமாகப் படியில் இறங்கினாள்.

ஓடிப் பயன் இல்லை. படி அவளை மறுபடி அதே ரோட்டில்தான் கொண்டுபோய் விட்டது. இரண்டாம் முடக்குக்குக் கீழே அவள் வந்து சேரவும், மேலே அந்தக் கண்கள் திரும்பி வரவும் சரியாக இருந்தது. இந்த முறை அவை மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு வந்தன. கண்களுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு சிறிய ஜன்னல் தெரிந்தது. பூப்போட்ட திரை. திரையை விலக்கிக்கொண்டு ஒரு பெண்ணின் முகம். வாய் திறந்தபடி அந்த முகம் அவளைப் பார்த்தது.

ரோட்டில் ஜன்னல் எப்படி வரும்? மதுஷா அதை யோசிக்கவில்லை. ஓடினாள்.

மூன்றாவது தடவை அவள் ரோட்டுக்குப் போகவில்லை. தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கண்கள் மேலே வந்தன. மூன்றாம் முடக்கில் திரும்பின. மூடிக்கொண்டன.

சலங்கைச் சத்தம் நின்றது. எல்லாமே நின்றது. வெகு நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு கண்கள் திறந்தன, மூடின, திறந்தன, மூடின.

அப்போது யாரோ இருமினார்கள்.

நல்ல கரகரப்பான இருமல். பிறகு ஒரு மூக்குச் சிந்தல். மதுஷா பையை மெல்லக் கீழே இறக்கினாள். பேய்க்குச் சளி பிடிக்குமா?

"பல்பும் புதுசு, பியூசும் புதுசு," என்றது ஓர் ஆணின் குரல். "பிறகும் இந்த லைட்டுக்கு என்னதான் வருத்தமோ."

"நீங்க பேசாம ஏறுங்க," என்றது ஒரு பெண்ணின் குரல். அந்தக் குரல் நடுங்கியது. "அந்த வெள்ளச் சட்ட மறுபடி வரதுக்குள்ள போயிருவோம்."

கதவு மூடும் சத்தம் கேட்டது. வண்டி நகர்ந்தது. சற்று நேரத்தில் கண்கள் திறந்துகொண்டன.

மதுஷா எழுந்து நின்றாள். பயம் முழுதாகப் போகவில்லை. ஆனால் இப்போது யோசிக்க முடிந்தது. ரமேஸ் சொன்னது பிழை. இரண்டாம் முடக்கில் அது அவளை நேராகப் பார்த்தது, கண் மூடவில்லை. மூன்றாம் முடக்கில் அவள் ஒளிந்திருந்தாள், பார்க்கவே இல்லை. ஆனால் மூடிக்கொண்டது. அப்படியானால் அவளுக்கும் அந்தக் கண்களுக்கும் சம்பந்தம் இல்லை.

ஒன்றில் மூடியது. இரண்டில் மூடவில்லை. மூன்றில் மூடியது. ஒன்றும் மூன்றும் இடப்பக்கம் திரும்பும் முடக்குகள். இரண்டு வலப்பக்கம். நான்காவதும் வலப்பக்கம். ஐந்தாவது...

மதுஷா ரோட்டின் கீழ்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்தாவது இடப்பக்கம். போன கிழமை பெய்த மழையில் ஐந்தாம் முடக்கில் பாதி ரோடு பள்ளத்துக்குள் சரிந்துபோயிருந்தது. தோட்டத்து ஆட்கள் நான்கு கம்பு நட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். வெளிச்சம் இருந்தால் துணி தெரியும். மலைப் பக்கமாக ஒட்டி ஒரு வண்டி போகலாம். வெளிச்சம் இல்லாவிட்டால் கம்பும் தெரியாது, துணியும் தெரியாது. கீழே ஆற்றுச் சத்தம் மட்டும்தான்.

நான்காம் முடக்குக்குப் பிறகு படி அவளுடைய லயத்துக்கு நேராக இறங்கும். ஓடினால் ஐந்து நிமிடத்தில் வீடு. அவள் படியில் ஓடினாள். ஆனால் ரோடு வந்ததும் லயத்துப் பக்கம் இறங்கவில்லை.

முடக்கில் போய் நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கே வண்டிக்குக் கண் தெரியாது. அதனால் நான்காம் முடக்குக்கும் ஐந்தாம் முடக்குக்கும் நடுவே, ரோடு நேராக இருக்கும் இடத்தில் நின்றாள். குடையை விரித்தாள். தலைக்கு மேலே தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

கண்கள் வலப்பக்கம் திரும்பி வந்தன. கிளிங், கிளிங், கிளிங். பெரிதாகின. இன்னும் பெரிதாகின. மதுஷா கண்ணை மூடிக்கொண்டாள். குடையை மட்டும் நிறுத்தவில்லை.

கிரீச்சென்று ஒரு சத்தம். அவள் கண்ணைத் திறந்தபோது, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு வண்டி நின்றது. வண்டியா, வீடா? முன்பக்கம் வேன் மாதிரி இருந்தது. பின்பக்கம் பெட்டி மாதிரி நீண்டு, ஜன்னலும் திரையும் புகைக்குழாயுமாக இருந்தது.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடி அரை அங்குலம் இறங்கியது.

"யாரு நீங்க?" என்று ஆண் குரல் கேட்டது.

"மனுசப் புள்ளையான்னு கேளுங்க," என்றது உள்ளேயிருந்து பெண் குரல்.

"நான் மதுஷாங்க. கீழ் லயம். போகாதீங்க. முன்னுக்குப் பாதி ரோடு இல்ல."

கதவு திறந்தது. சால்வையைக் கழுத்தில் சுற்றிய ஒருவர் இறங்கினார். அவர் பெயர் புஹாரி. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருப்பவர். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன பழைய கேரவன் வேனை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். மனைவி ஜெஸீமாவோடு பசறைக்குப் போய்க்கொண்டிருந்தார். பெரிய ரோட்டில் மண் சரிந்துவிட்டதாம். தோட்டத்து ரோட்டால் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

"வெளிச்சம் இருந்தா மெதுவா போயிரலாம் மகள்," என்றார் அவர். "ஆனா இந்த லைட்டு நினைச்சா எரியுது, நினைச்சா அணையுது."

"நினைச்சாலெல்லாம் இல்ல நானா," என்றாள் மதுஷா. முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இடப்பக்கம் திருப்புறப்பதான் அணையுது. நான் மேல இருந்து பார்த்துக்கிட்டே வந்தேன். வலப்பக்கம் திருப்பினா ஒன்னும் ஆகல."

புஹாரி அவளைப் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். "மூணு கராஜுக்குக் கொண்டுபோனேன். பல்பு மாத்தினாங்க, பியூஸ் மாத்தினாங்க, சுவிட்சும் மாத்தினாங்க. அங்க வச்சு ஒரு தடவகூட அணையலியே."

"கராஜுல வேன் நேராத்தானே நிக்கும்."

புஹாரி சட்டென்று வேனில் ஏறி உட்கார்ந்தார். "முன்னுக்கு நிக்காதீங்க. ஓரமா நின்னு பார்த்துச் சொல்லுங்க," என்று கூறிவிட்டு ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினார்.

"எரியுது," என்றாள் மதுஷா.

இடப்பக்கம் முழுதாகத் திருப்பினார். இரண்டு கண்களும் மூடிக்கொண்டன. சுற்றிலும் பனி ஓரடி நெருங்கி வந்தது போல இருந்தது.

"அணைஞ்சிருச்சு."

"அல்லாஹ்வே," என்றார் புஹாரி. "இத்தன மாசமா இது எனக்குத் தோணலியே."

கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, தொலைபேசி வெளிச்சத்தை ஸ்டியரிங்குக்கு அடியில் அடித்துப் பார்த்தார். அங்கே ஒரு கட்டு வயர் போனது. முன்பு யாரோ அதை நைலோன் கயிறால் இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்தக் கட்டு இழுபட்டது. இழுபட்டு இழுபட்டு, லைட்டுக்குப் போகும் வயரின் மேல்தோல் தேய்ந்து, உள்ளே செம்பு நூல்கள் அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் மிச்சம் இருந்தன.

"ஜெஸீமா, கத்தியும் டேப்பும் இருக்கா?"

ஜெஸீமா சமையல் மேசையின் இழுப்பு லாச்சியை இழுத்தார். கிளிங் என்று சத்தம் கேட்டது. மதுஷா எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு குட்டி அடுப்பு, குட்டிக் கட்டில். அடுப்புக்கு மேலே ஆணிகளில் ஆறு தேநீர்க் கோப்பைகள் வரிசையாகத் தொங்கி ஆடின.

"நான் சலங்கைன்னு நினைச்சேன்," என்றாள் மதுஷா.

"நான் உங்கள என்னன்னு நினைச்சேன்னு சொல்ல மாட்டேன்," என்றார் ஜெஸீமா.

புஹாரி பற்றரி இணைப்பைக் கழற்றினார். கயிற்றை அறுத்து வயரைத் தளர்த்திவிட்டார். அறுந்த இடத்தைச் சீவி முறுக்கி, டேப்பை நன்றாகச் சுற்றினார். இணைப்பைத் திரும்பப் பூட்டிவிட்டு ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினார்.

"எரியுது," என்றாள் மதுஷா. "இன்னும் திருப்புங்க. எரியுது. எரியுது."

"ஏறுங்க மகள்," என்றார் ஜெஸீமா. "உங்க லயம் வரைக்கும் கொண்டுபோய் விடுறோம்."

மதுஷா முன்னால், இருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள். வேன் நடைவேகத்தில் போனது. ஐந்தாம் முடக்கில் சிவப்புத் துணிகள் வெளிச்சத்துக்குள் ஒவ்வொன்றாக வந்தன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை. வேலி இல்லை. மரம்கூட இல்லை. வெள்ளையாக ஒன்றுமே இல்லாமல் இருந்தது. அடியில் எங்கோ ஆறு ஓடியது.

மலைப் பக்கமாக ஒட்டி, அங்குலம் அங்குலமாக வேன் திரும்பியது. லைட் ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. ரோடு நேரான பிறகுதான் புஹாரி மூச்சு விட்டார். ஜெஸீமா மதுஷாவின் கையை விடவே இல்லை.

"முதல்ல பார்த்தப்பவே நிப்பாட்டியிருக்கணும்," என்றார் ஜெஸீமா. "மேல பாலத்துக்கிட்ட நின்னு கை காட்டினீங்களே, அப்பவே."

"எந்தப் பாலம்?"

"ஸ்கூலுக்கு மேல ஒரு சின்னப் பாலம் இருக்கே. வெள்ளச் சட்டையோட நின்னு, போகாதீங்கன்னு கை காட்டினீங்களே."

"நான் ஸ்கூலுக்கு மேல போகவே இல்லீங்களே," என்றாள் மதுஷா.

கோப்பைகள் ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

"மைல்கல்லா இருக்கும்," என்றார் புஹாரி.

"மைல்கல்லுக்குக் கை இருக்கா?"

புஹாரி ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். மதுஷா ஜெஸீமாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். யாராக இருந்தாலும், நல்லதைத்தானே சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

லயத்துக்குத் திரும்பும் இடத்தில் பனி கொஞ்சம் விலகியிருந்தது. அம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர் பனிக்குத் தலையில் போட்ட பொலித்தீனைக்கூட எடுக்காமல் மகளைத் தேடி வந்திருந்தார். பனிக்குள்ளிருந்து ஒரு வீடு ரோட்டில் இறங்கி வருவதையும், அதன் முன் கண்ணாடிக்குப் பின்னால் தன் மகள் உட்கார்ந்து கையசைப்பதையும் பார்த்து, ஓரடி பின்னால் போனார்.

வேன் நின்றது. ஜெஸீமா எழுந்து பின்பக்கம் போக, மதுஷா இறங்கிப் பக்கக் கதவைத் திறந்தாள். உள்ளே ஜெஸீமா அடுப்பைப் பற்றவைத்துக் கேத்தலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பயப்படாம உள்ள வாங்கம்மா," என்றாள் மதுஷா. "தேத்தண்ணி குடிச்சிட்டு வீட்டுக்குப் போவோம்."