தூண்டில் எலும்பு

“ஐயோ... அம்மா!”

முப்பிடாதி போட்ட சத்தத்தில் கடம்பூர் பஸ்ஸே உறைந்துபோனது.

ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் பாண்டியராஜன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்திருந்தான். நின்றுகொண்டே வருகிறேன் என்றாள். அவன் விடவில்லை.

“இந்தச் சீட்டே நான் தச்சதுதான். கோவில்பட்டி வரைக்கும் நிக்கப் போறீயளாக்கும்? சும்மா உக்காருங்க!”

மழைத்துளி ஒட்டிய அவன் இமைகள்... கீழே சிரிக்கிற கண்கள்... அந்தக் கண்களுக்காகத்தான் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து பஸ் பள்ளத்தில் இறங்கியது. முதுகின் அடியிலிருந்து உச்சந்தலை வரை நெருப்பு ஓடியது.

“ஏலே, பொம்பளப் பிள்ளைய என்னலே செஞ்ச?” அவளோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் சொர்ணத்தாய், தூக்குவாளியால் அவன் நெற்றியில் ஒரு போடு போட்டாள்.

“நான் ஒண்ணும் செய்யலக்கா! அந்தப் பிள்ளைகிட்டயே கேளுங்க!”

பஸ் முழுக்க அவளைப் பார்த்தது. எங்கே வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டாள். கொட்டுகிற மழையில் கண்டக்டர் அவனை நடுரோட்டில் இறக்கிவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நெற்றி ரத்தத்தை மழை கழுவிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை... திகைப்புதான்.

பத்து வருஷமாகத் தரையில் ஒரு தொடை மாற்றி ஒரு தொடையில் சாய்ந்து லேபிள் ஒட்டியவள் அவள். அந்தப் பள்ளத்துக்குப் பிறகு அதுவும் முடியவில்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்தவள், கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்பின் கடைசி நுனி தூண்டில் முள்ளாக உள்ளே வளைந்து கிடந்தது.

“வால் எலும்பு. உனக்குப் பிறவியிலேயே இப்படி. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மாத்திரை சாப்பிடு, வெந்நீர்ல இடுப்பு முங்க உக்காரு. தரையில உக்காரவே கூடாது. பின்பக்கம் வெட்டிவிட்ட மெத்தை ஒண்ணு தச்சுக்கோ. அந்த எலும்பு எதுலயும் படக் கூடாது.”

பஸ் ஸ்டாண்டு பக்கம் குஷன் கடை. ரெக்ஸின் வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன, இன்னும் அடி பாக்கி இருக்கோ?” என்றான் பாண்டியராஜன்.

“அன்னைக்குக் கத்துனது இதுக்குத்தான்” என்று எக்ஸ்ரேயை நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்தவன் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது.

“இத வச்சுக்கிட்டா... உங்களப் போயி உக்காருங்கன்னு...” தலையில் அடித்துக்கொள்ளப் போய், பிளாஸ்திரியில் பட்டு, ‘ஸ்ஸ்’ என்றான். “அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிச் சொல்ல... வெக்கமா இருந்துச்சு.”

“உங்களுக்கு வெக்கம். எனக்கு மானமே போச்சு. பஸ்ஸுல பொம்பளப் பிள்ளகிட்ட வாலாட்டுனவன்னு ஊரே பேசுது.”

அவள் சொன்னபடி பின்பக்கம் வெட்டிவிட்ட மெத்தையைத் தைத்துக் கையில் கொடுத்தான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. “கெளம்புங்க. இங்கன நின்னா அதுக்கும் ஒரு கத கட்டுவாவ.”

மறுநாள் காலை அதே பஸ். பாண்டியராஜன் கடைசியில் ஒதுங்கி நின்றான். அவன் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. முப்பிடாதிக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாரும் கேளுங்க! அன்னைக்கு அவிய மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு வால் எலும்பு வளைஞ்சிருக்கு. உக்காந்தா உசுரு போவும். சொல்ல வெக்கப்பட்டு, அவிய அடி வாங்குறதப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்!”

“வாலா?” என்றது ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். அவள் கண்ணீரைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

சொர்ணத்தாய் மூக்கில் விரலை வைத்தாள். “ஏட்டி... அது கெடக்கட்டும். அதென்ன, அவிய... அவிய? புருசனச் சொல்லுத மாதிரியே சொல்லுத!”

முப்பிடாதிக்குக் காது சுட்டது. தானாக வந்த வார்த்தை... திருப்பி வாங்க மனசில்லை.

“அப்படித்தான்னு வச்சுக்கோங்களேன்...”

பாண்டியராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கண்கள் நனைந்திருந்தன.

“இன்னொரு தடவ சொல்லுங்க...”

“எத? வாலையா?”

“இல்ல... அவியன்னு சொன்னீயள்லா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வீட்டுக்கு வந்து எங்க அப்பாகிட்ட கேளுங்க... அப்புறம் ஆயுசு முழுக்கச் சொல்லுதேன்.”