இரண்டாவது இருக்கையின் மைக்

மெமரி கார்டு மேசை மேல் இருந்தது. வழக்கமாகத் தம்பி அதை ஒரு பழைய உறையில் போட்டு, கதவிலுள்ள தபால் துளை வழியாகத் தள்ளிவிட்டு, மணிகூட அடிக்காமல் போய்விடுவான். இன்று அது உறையில்லாமல், கீபோர்டுக்குப் பக்கத்தில், அவள் வைக்கும் அதே மூலையில் இருந்தது. தான் குளிக்கும்போது வந்திருப்பான், அவனிடம்தான் இன்னொரு சாவி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் வரை வந்தவன் 'அக்கா' என்று ஒரு குரல் கொடுத்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கோபம் வந்தது. அவனைப் பார்க்க முடியாமல் போன வருத்தம்தான் அப்படிக் கோபமாக வந்தது.

தம்பிக்கு ஒரு குட்டி விமானத்தின் மேல் பைத்தியம். இரண்டே இருக்கை. விடுமுறையானால் பறப்பான், பறந்ததை வீடியோவாக இணையத்தில் போடுவான். படம் கேமராவில் பதிவாகும். குரல் தனியே, ஹெட்செட் மைக்கில். இரண்டையும் பொருத்த ஒரு குறி வேண்டும் என்பதால் கிளம்பும் முன் கேமராவைப் பார்த்து ஒரு தடவை கை தட்டுவான். அந்தத் தட்டலை வைத்துப் படத்தோடு குரலைச் சேர்த்து, எஞ்சின் இரைச்சலை அடக்கி, அவன் மூச்சு வாங்குவதையெல்லாம் துடைத்தெடுப்பது அவள் வேலை. வாரம் முழுக்க அவள் கேட்கும் ஒரே சொந்தக் குரல் அதுதான். "இடது பக்கம் ஏரி தெரியுது பாருங்க" என்று அவன் ஊருக்கெல்லாம் சொன்னால், ஆளில்லாத அறையில் "தெரியுதுடா" என்று இவள் பதில் சொல்வாள். ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து வா என்று அவனும் கெஞ்சிப் பார்த்துவிட்டான். மாடிப்படியிலிருந்து கீழே பார்த்தாலே அவளுக்குத் தலை சுற்றும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று டிமிக்கி கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலை மூடினாள், தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் நின்றது, கணினியின் விசிறி மட்டும் முனகியது, எங்கிருந்தோ லேசாகப் பெட்ரோல் வாடை வந்தது. மேசையில் அவளுடைய மைக் நின்றது. திரையின் ஓரத்தில் அதற்கான பச்சைக் கோடு, அறையில் சின்னச் சத்தம் வந்தாலும் எழுந்து அடங்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டலைத் தேடினாள்.

இரண்டு தட்டல்கள் இருந்தன.

முதலாவது தம்பியுடையது, பளீரென்று. அடுத்தது மெதுவாக, அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுபோல. அப்போதுதான் கவனித்தாள். பக்கத்து இருக்கையின் மைக்குக்கும் ஒரு தனிப் பதிவு உண்டு. யாராவது வாயருகே வைத்துப் பேசினால்தான் அந்த மைக் திறக்கும். இருக்கை எப்போதும் காலி என்பதால் அதைக் கேட்காமலேயே அழித்துவிடுவது அவள் பழக்கம். இன்று அதில் அலைகள் இருந்தன.

அட, ஒருத்தியைப் பிடித்துவிட்டானா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவிடம் சொல்லாமல் எப்படி மறைத்திருக்கிறான், திருடன். சிரிப்போடு சேர்ந்து நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்தது. இனி அவனுடைய விடுமுறை நாட்களும் தனக்கு இல்லை. மற்றதையெல்லாம் அடக்கிவிட்டு அந்த ஒரு பதிவை மட்டும் ஓட விட்டாள்.

முதலில் மூச்சு. நீளமாக, அவசரமில்லாமல், எஞ்சின் உறுமலுக்கு அடியில் இழுத்து இழுத்து விடும் மூச்சு. பிறகு தூரத்தில் தம்பியின் குரல்.

"என்னக்கா, பயமா இருக்கா?"

"இல்லடா. நீ ஓட்டு."

தன் குரல் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காததாலேயே நன்றாகத் தெரியும். 'ஓட்டு' என்பதில் தொண்டை லேசாகக் கட்டும். இங்கேயும் கட்டியது.

ஹெட்போனைக் கழற்றி, தம்பியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தவுடனே அவன் பேச ஆரம்பித்துவிட்டான். வாசலில் இறக்கிவிட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாளாம். கார்டைப் பத்திரமாக வைத்தாளா என்று கேட்டான். இத்தனை காலம் கூப்பிட்டு இன்றைக்காவது வந்தாளே என்று சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. அவ்வளவு சந்தோஷமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை.

"நாளைக்குக் கடல் மேல கூட்டிட்டுப் போன்னு கேட்டியே. கரை தெரியாத தூரம் வரைக்கும்னு சொன்னே, அதுதான் கொஞ்சம் யோசனையா இருக்கு. ஆனா நீ கேட்டு நான் முடியாதுன்னா சொல்லப்போறேன்?"

போகாதே. அது நான் இல்லை. சொல்ல வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

தொண்டை வலிக்கக் கத்தினாள். போகாதடா. பச்சைக் கோடு அசையவில்லை. மைக்கைப் பிடித்து உதட்டோடு அழுத்திக் கத்தினாள். கோடு படுத்தே கிடந்தது.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

அவன் குரலுக்குச் சற்றே அசைந்த கோடு, அடுத்த கணம் உச்சிக்குத் தாவியது.

"இருக்கேன்டா," என்றது அவளுடைய குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து. "காலையிலேயே வந்துடறேன்."

"சரிக்கா. சீக்கிரம் தூங்கு."

அழைப்பு துண்டானது. பெட்ரோல் வாடை இப்போது மிக அருகில். அவள் திரும்பவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

கோடு எழுந்தது. அடங்கியது. நிதானமாக, அவசரமில்லாமல் மறுபடி எழுந்தது.

பிறகு, அவள் காதோரம், பளீரென்று ஒரு கைதட்டல்.